ஏரியில பொறந்து போருக்குப் போன டேங்க்

காலையில காபி ஆறுறதுக்குள்ள ஃபேமிலி குரூப்ல ஒரு ஃபார்வர்ட் வந்து விழுந்துச்சு.

"டேங்க் என்பது தூய தமிழ்ச் சொல்! தாங்கு, தாங்கல், டேங்க்! தமிழனாக இருந்தால் பகிரவும்!"

அனுப்பினது வேலூர் பெரியப்பா. கீழே வரிசையா கைகூப்பு, கைத்தட்டல்.

எனக்குச் சுர்ருனு ஏறிடுச்சு. பெரியப்பா மேல இல்லைங்க. அவர் தங்கமான மனுஷன். எனக்குப் பெங்களூர்ல வேலை கிடைச்சப்போ கன்டோன்மென்ட் ஸ்டேஷன் வரைக்கும் கூடவே வந்து விட்டுட்டுப் போனவர். கோபம் எல்லாம் இப்படி எழுதி ஊருக்கெல்லாம் அனுப்புறாங்களே, அவங்க மேல. அந்தச் சொல்லோட நிஜக் கதை இதைவிட எவ்வளவோ நல்லா இருக்கு. அதுவும் நான் குடியிருக்கிற ஊரைத் தொட்டுக்கிட்டுப் போற கதை. அதை விட்டுட்டு ஒரு வரியில முடிச்சா எப்படி?

அதான் எழுத உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளம். டீ போட்டுட்டு வாங்க.

நான் இருக்கிறது ஜோகுபாளையம். (பெங்களூர் தெரியாதவங்களுக்கு: அல்சூருக்கும் இந்திரா நகருக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட குட்டி குட்டிச் சந்துகள். பாதி வீட்டுல தமிழ், மீதி வீட்டுலயும் தமிழ் புரியும்.) எங்க சந்துல ஒரு நாளைக்கு அதிகமா காதுல விழற இங்கிலீஷ் சொல் எதுன்னு கேட்டா, யோசிக்காம சொல்வேன்.

டேங்க்.

காவேரி தண்ணி விடுற நாள்னா சந்தே முழிச்சுக்கும். மொதல்ல தெருக்குழாய்ல இருந்து கீழ இருக்கிற சம்ப்புக்கு இறங்கணும். அப்புறம் மோட்டார் போட்டு மொட்டை மாடி டேங்குக்கு ஏத்தணும். ரொம்பி வழிஞ்சா பக்கத்து வீட்டுச் சுவர்ல அருவி மாதிரி கொட்டும். உடனே ஓனர் அம்மா கீழருந்து குரல் குடுப்பாங்க: "யம்மா, டேங்க் ரொம்பிடுச்சும்மா! மோட்டார் ஆஃப் பண்ணும்மா!" ரெண்டு வீடு தள்ளி இன்னொருத்தர் கன்னடத்துல அதையே கத்துவார். "டேங்க்" மட்டும் ரெண்டுலயும் ஒண்ணுதான்.

(சம்ப் சும்மா வந்த சொல் இல்ல. பழைய டச்சு, ஜெர்மன் பக்கத்துச் சொல், சதுப்பு நிலம்னு அர்த்தம். அது வேற கதை, இன்னொரு நாள்.)

சரி, மொதல்ல பெரியப்பா பக்கம் இருக்கிற நியாயத்தைப் பார்த்துடுவோம். தாங்கல் நல்ல தமிழ்ச் சொல். வட தமிழ்நாட்டுல சின்ன ஏரிக்குத் தாங்கல்னு பேர். வேடந்தாங்கல், பழவந்தாங்கல் எல்லாம் அந்த வகைதான். அர்த்தமும் ஒத்துப்போகுது, காதுக்கும் ஒத்துப்போகுது. ஆசை வரத்தான் செய்யும்.

ஆனா ரெண்டு சொல் ஒரே மாதிரி கேட்டா மட்டும் போதாதுங்க. யார் வாயில இருந்து, எந்த ஊர்ல, எப்போ இன்னொருத்தர் வாய்க்குப் போச்சுன்னு தடம் வேணும்.

தடம் எங்க போகுதுன்னு பாருங்க. 1498ல வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுல வந்து இறங்குறார். கூட வந்த ஒருத்தர் பயணக் குறிப்பு எழுதியிருக்கார். அதுல ஒரு கோயிலுக்குப் போன கதை வரும். அவங்க அதைச் சர்ச்சுனே நினைச்சுட்டாங்க. சுவர்ல இருந்த சாமிப் படங்களைப் பார்த்துப் புனிதர்கள்னு கும்பிட்டிருக்காங்க. வெளியே கல்லால கட்டின பெரிய கோயில் குளம். வழியெல்லாம் இந்த மாதிரி நிறைய பார்த்தோம்னு எழுதுறார். அந்தக் குளத்துக்கு அவர் போட்ட சொல் போர்ச்சுகீசிய "தாங்க்கி".

கப்பலை விட்டு இறங்கின கொஞ்ச நாள்லயே சொல் கைவசம் இருக்கு பாருங்க. அப்போ அது அவங்க ஊர்ல இருந்தே மூட்டையில கொண்டு வந்த சொல். ஓடுற தண்ணியைத் தடுத்து நிறுத்துறதுங்கிற வினையில இருந்து வந்தது.

இங்கேயே கதை முடிஞ்சிருந்தா "டேங்க் போர்ச்சுகீசியம்"னு ஒரு வரி எழுதிட்டுப் போயிருப்பேன். விட்டுச்சா?

ஆபீஸ்ல கூட வேலை பார்க்கிற ஒரு ஃப்ரெண்டு அகமதாபாத்காரி. மதியம் சாப்பிடும்போது இதைச் சொன்னேன். அவ சப்பாத்தியைக் கீழ வச்சுட்டு, "எங்க பாட்டி வீட்டுலயே டாங்க்கு இருக்கே!"ன்னா. அகமதாபாத் பழைய ஊர்ல ஒட்டி ஒட்டி இருக்கிற வீடுகள் இருக்குல்ல, அந்த வீட்டு முற்றத்துக்குக் கீழ ஒரு அறை அளவுக்குத் தொட்டி. மழை பெஞ்சா மாடியில விழற தண்ணி குழாய் வழியா உள்ள இறங்கும். மொத மழையை விடமாட்டாங்களாம், கூரை அழுக்கெல்லாம் போகட்டும்னு வெளியே தள்ளிடுவாங்க. அடுத்த மழையில இருந்துதான் பிடிப்பாங்க. முற்றத்து நடுவுல சின்ன வாய், அதுக்கு ஒரு மூடி. உள்ள வெயில் படவே படாது, அதனால பாசி பிடிக்காது. பாட்டி அந்த மூடி மேல செருப்புக் கால் வைக்க விடமாட்டாங்களாம். வருஷம் முழுக்கக் குடிக்கிற தண்ணி அதுதானே.

கேட்டுக்கிட்டே இருந்தேன். நம்ம சம்ப்பை நாலு தலைமுறைக்கு முன்னாடியே மழைத் தண்ணிக்குன்னு கட்டி வச்சிருக்காங்க! ராஜஸ்தான்லயும் இது உண்டு, அங்க டாங்க்கான்னு சொல்றாங்க.

இப்போ வரைபடத்தை மனசுல விரிச்சுக்கோங்க. 1613ல கிழக்கிந்தியக் கம்பெனி சூரத்துல பண்டகசாலை போடுது. சூரத் குஜராத். அக்கம்பக்கம் எல்லாம் "டாங்க்கு". அதே கடற்கரையில நூறு வருஷமா போர்ச்சுகீசியர், அவங்க வாயில "தாங்க்கி". ரெண்டும் தண்ணி தேக்கி வைக்கிற இடம்தான். நடுவுல இங்கிலீஷ்காரன் நிக்கிறான். ரெண்டு காதுலயும் ஒரே மாதிரி விழுது. 1600கள் தொடக்கத்துலயே இங்கிலீஷ் எழுத்துல "டேங்க்" வந்துடுது.

1886ல யூல், பர்னெல்னு ரெண்டு பேர் இந்திய இங்கிலீஷ் சொற்களுக்கு ஒரு பெரிய அகராதி போட்டாங்க, ஹாப்சன் ஜாப்சன்னு. (தமிழ்ல இருந்து போன சுருட்டு, கட்டுமரம், மிளகுத்தண்ணி எல்லாம் அதுல தடத்தோட இருக்கு. நம்ம சொத்துக்கு அங்க குறைவே இல்ல, பெரியப்பா.) அவங்களே டேங்க்கைப் பார்த்துட்டு, இது குழப்புற சொல், இந்தியா ஒண்ணு ஐரோப்பா ஒண்ணுன்னு ரெண்டு பிறப்பு இருக்கிற மாதிரி இருக்குன்னு சொல்லிட்டாங்க. ஒரே ஒரு அம்மாவைக் காட்டிச் சத்தியம் பண்ண முடியாத சொல்!

எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கு. ரெண்டு கரைச் சொல் ஒண்ணு சேர்ந்து ஒண்ணா ஆகிறது எவ்வளவு அபூர்வம்!

ஆனா ஒரு விஷயத்துல எனக்கு வருத்தம் உண்டு. அதையும் சொல்லிடறேன்.

வெள்ளைக்காரன் மெட்ராஸ் பக்கம் வந்து, கண்ணுல பட்ட நீர்நிலைக்கெல்லாம் "டேங்க்"னு பேர் எழுதிட்டான். நம்ம கிட்ட எத்தனை சொல் இருந்துச்சு! வடக்கே ஏரி. ராமநாதபுரம், மதுரைப் பக்கம் கண்மாய். திருநெல்வேலியில அதே பாசன ஏரிக்குக் குளம். குடிக்கிற தண்ணிக்குத் தனியா ஊருணி. சின்னதுக்குத் தாங்கல், ஏந்தல். கோயிலுக்குத் தெப்பக்குளம். கர்நாடகாவுல கெரே, கட்டே, கல்யாணி. ஒவ்வொரு பேர்லயும் அது எதுக்கு, எவ்வளவு பெருசு, யாருக்குன்னு தகவல் இருக்கு. கவர்மென்ட் பேப்பர்ல எல்லாம் ஒரே டேங்க். தமிழ்நாட்டுல 39,000க்கும் மேல டேங்க்னு கணக்கு சொல்வாங்க. இன்னிக்கும் அதிகாரிங்க "சிஸ்டம் டேங்க்", "எக்ஸ் ஜமீன் டேங்க்"னுதான் பேசுவாங்க. ஆத்துத் தண்ணி வந்து ரொம்பறது ஒண்ணு, பழைய ஜமீன் கிட்ட இருந்து வந்தது இன்னொண்ணு. ஏரியைப் பார்த்துக்கிறவருக்கு நம்ம பக்கம் நீர்க்கட்டின்னு பேர், கர்நாடகாவுல நீரகண்டி. எந்த வயலுக்கு எப்போ மடை திறக்கணும்னு அவர்தான் முடிவு. எங்க சந்துக்கு வால்வ் திறக்க வர்ற வாட்டர்மேனைப் பார்த்தா எனக்கு அந்த நீரகண்டிதான் ஞாபகம் வருவார். வேலை அதே வேலை, ஏரி மட்டும் நூறு கிலோமீட்டர் தள்ளிப் போயிடுச்சு.

சரி, போருக்கு வருவோம். இதுக்காகத்தான் இவ்வளவு நேரம் காத்துக்கிட்டு இருந்தேன்.

1914. மொதல் உலகப் போர். பிரான்ஸ்ல ரெண்டு பக்கமும் பதுங்குகுழி வெட்டிக்கிட்டு உக்காந்துட்டாங்க. நடுவுல முள்கம்பி. எழுந்து ஓடினா மெஷின்கன். ஒரு இன்ஜினியர் ஆபீஸருக்கு யோசனை வருது: அமெரிக்கால ஹோல்ட்னு ஒரு டிராக்டர் இருக்கே, சக்கரத்துக்குப் பதிலா பட்டை போட்டு மேடு பள்ளமெல்லாம் ஏறுமே, அதுக்கு இரும்புக் கவசம் போட்டா என்ன?

அவர் பேர் எர்னஸ்ட் டன்லப் ஸ்விண்டன். பொறந்தது 1868 அக்டோபர் 21.

எங்க பொறந்தார்?

பெங்களூர்ல!

அப்பா மெட்ராஸ் சிவில் சர்வீஸ்ல ஜட்ஜ். குழந்தையா இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்துக்குப் போயிடுச்சு. இதைப் படிச்ச அன்னிக்கு நான் நாற்காலியில இருந்தே எழுந்துட்டேன். ஏன்னா அந்தக் காலத்து கன்டோன்மென்ட் வெள்ளைக்காரங்க பேச்சுல டேங்க்னா இரும்பு வண்டி கிடையாது. டேங்க்னா அல்சூர் ஏரி. டேங்க்னா மில்லர்ஸ் ஏரி. அந்த ஊர்ல பொறந்தவர்தான் அந்த வண்டிக்கு இந்தப் பேர் நிக்கிறதுக்குக் காரணமா இருந்தவங்கள்ல ஒருத்தர்.

இன்னும் இருக்கு. அதே யோசனைக்கு 1915 பிப்ரவரியில ஒரு கமிட்டி போட்டவர் அப்போ கடற்படை மந்திரியா இருந்த சர்ச்சில். அவரும் 1896ல இளம் ஆபீஸரா பெங்களூர் வந்து குதிரைப்படையில இருந்தவர். (பெங்களூர் கிளப்ல அவர் வச்சுட்டுப் போன 13 ரூபாய் பாக்கி இன்னிக்கும் லெட்ஜர்ல இருக்கு. இந்தியாவைப் பத்தி அவர் பேசினதுக்கும் பண்ணினதுக்கும் 13 ரூபாய் ஒண்ணுமே இல்ல.)

வண்டியைக் கட்டினது லிங்கன் நகரத்துல வில்லியம் ஃபாஸ்டர் கம்பெனி. கதிரடிக்கிற மெஷினும் டிராக்டரும் பண்ணிக்கிட்டு இருந்தவங்க. ரகசியம் வெளிய போகக் கூடாது. தகரப் பெட்டி மாதிரி இருக்கிற இதை என்னன்னு சொல்றது? மெசபடோமியா பாலைவனத்துக்குத் தண்ணி கொண்டு போற வண்டின்னு கதை கட்டினாங்க. அதாவது "வாட்டர் கேரியர்". ஆனா கமிட்டிக்கு அந்தப் பேரை வச்சு, இங்கிலீஷ் ஆபீஸ் பழக்கப்படி சுருக்கினா என்ன வரும்? டபிள்யூ.சி. கக்கூஸ் கமிட்டின்னு ஆயிடும்! அதனாலதான் மாத்தினோம்னு கமிட்டியில இருந்த ஒருத்தர் பின்னால சொல்லியிருக்கார். ஸ்விண்டன் தன்னோட புத்தகத்துல, ரிசர்வாயர், சிஸ்டர்ன் அப்படின்னு பல பேரை யோசிச்சுத் தள்ளிட்டு, ஒரே அசையில முடியுதேன்னு டேங்க்கைப் பிடிச்சதா எழுதுறார். 1915 டிசம்பர்ல முடிவாச்சு. சில வண்டி மேல "பத்திரம், பெட்ரோகிராட்டுக்கு"ன்னு ரஷ்யன்ல வேற எழுதி வச்சாங்க, பார்க்கிறவங்க ஏமாறட்டும்னு.

1916 செப்டம்பர் 15. சோம் சண்டையில மொதல் முறையா அது உருண்டு வருது. 28 டன். உள்ள 8 பேர். வேகம் ஒரு மனுஷன் நடக்கிற வேகம்தான். உள்ள இருந்தவங்க இன்ஜின் சூட்டுலயும் புகையிலயும் வெந்தாங்க. மறைக்கிறதுக்காக வச்ச பேர் அப்படியே ஒட்டிக்கிச்சு. ரஷ்ய மொழிக்கும் துருக்கி மொழிக்கும்கூட அதே சொல் போயிடுச்சு.

தண்ணிக்குப் பொறந்த சொல், ஆள் கொல்ற வண்டிக்குப் பேர் ஆயிடுச்சு. அந்த வண்டியைப் பத்தி எனக்குப் பெருமை இல்லைங்க. ஆனா சொல் நடந்து வந்த வழியைப் பார்த்தா வாய் பிளக்காம இருக்க முடியல.

(ஊர்ப் பேரே ஆயுதப் பேரான கதையும் இங்க உண்டு. அல்சூர் ஏரிக்கரையில இருக்கே எம்.இ.ஜி. சென்டர், "தம்பி"ங்கன்னு கூப்பிடுவாங்களே மெட்ராஸ் சாப்பர்ஸ், அந்தப் படையைச் சேர்ந்த மெக்ளின்டாக்னு ஒரு கேப்டன் 1912ல முள்கம்பியைத் தகர்க்க ஒரு குழாய் வெடி கண்டுபிடிச்சார். உலகம் பூரா அதுக்குப் பேர் பெங்களூர் டார்பிடோ.)

நம்ம பக்கம் ரெண்டு டேங்க்கையும் ஒரே ஊர்ல பார்க்கணும்னா ஆவடிக்குப் போங்க. விஜயந்தா, அர்ஜுன்னு போர் டேங்க் உருவான ஃபேக்டரி ஒரு பக்கம். பருத்திப்பட்டு ஏரி இன்னொரு பக்கம். பழைய மேப்ல அந்த ஏரியும் டேங்க்தான்.

மத்த அர்த்தமெல்லாம் வேகமா. டேங்க் டாப்? அமெரிக்கால நீச்சல் குளத்துக்கு டேங்க்னு சொல்வாங்க, அதுல போட்டுக் குதிக்கிற உடுப்பு டேங்க் சூட், அதோட மேல்பாதி டேங்க் டாப். இந்திரா நகர் 100 அடி ரோட்டுல அதைப் போட்டுக்கிட்டுப் போற பிள்ளைங்களும் ஒரு வகையில குளத்தைத்தான் போட்டுக்கிட்டுப் போகுதுங்க. படம் டேங்க் ஆயிடுச்சுன்னா, அதாவது ஊத்திக்கிச்சுன்னா? குத்துச்சண்டையில காசு வாங்கிட்டு வேணும்னே விழறவனைக் குளத்துல குதிச்சுட்டான்னு சொன்னதுல இருந்து வந்தது. திங்க் டேங்க்? மொதல்ல மண்டைக்குக் கிண்டல் பேர். இப்போ டெல்லியில ஏசி ரூம்.

அண்ணன் பொண்ணு இங்க காலேஜ் படிக்குது, லீவுல எங்க வீட்டுக்கு வந்து போன்ல கேம் ஆடும். அவ கிட்ட இதையெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தேன். "அத்தை, எங்க டீம்ல நான்தான் டேங்க்"னா.

"அப்படின்னா?"

"எதிரி அடிக்கிற அடியெல்லாம் நான் முன்னாடி நின்னு தாங்கணும்."

தாங்கணும்! பெரியப்பா, உங்க ஃபார்வர்ட் பொருந்துற ஒரே இடம் இதுதான். உடனே போன் போட்டு அவர் கிட்ட சொன்னேன். "பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்ல"ன்னு ஒரே சந்தோஷம். அப்புறம் மெதுவா கோழிக்கோட்டுக் கதை, குஜராத் கதை, ஸ்விண்டன் கதை எல்லாம் சொன்னேன். பொறுமையா கேட்டார். கடைசியில, "நம்ம ஊரு ஏரியைத் தாங்கல்னுதான்மா எங்கப்பா சொல்லுவாரு, இப்ப அங்க பிளாட் போட்டுட்டான்"னார்.

அங்கதான் எனக்கு வலிக்குது. சொல் உலகம் சுத்திடுச்சு, ஏரி காணாமப் போச்சு.

பெங்களூர்லயே பாருங்க. மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் நிக்கிறது தர்மாம்புதி ஏரி மேல. கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரி மேல. மில்லர்ஸ் டேங்க் பண்ட் ரோடுன்னு ரோடு இருக்கு, கரை கட்டிக் காக்கிறதுக்கு ஏரியைக் காணோம். மெட்ராஸ்லயும் இதே கதைதான். நுங்கம்பாக்கத்துல டேங்க் பண்ட் ரோடு உண்டு, ஏரி இருந்த இடத்துல வள்ளுவர் கோட்டம். தி.நகரே பழைய மாம்பலம் ஏரிதான். தப்பிச்சது சிலதுதான். 1882ல கர்னல் சாங்கி கட்டினது இன்னும் சாங்கி டேங்க்னே உயிரோட இருக்கு. எங்க அல்சூர் ஏரியும் இருக்கு, தீவு தீவா மரங்களோட. அந்தப் பக்கம்தான் தமிழ்ச் சங்கம், 18 வருஷம் மூடி வச்சிருந்து 2009ல திறந்த வள்ளுவர் சிலை. 2024 கோடையில ஊரே தண்ணிக்குத் தவிச்சப்போ, டேங்கர் லாரி விலைக்குக் கவர்மென்ட் உச்சவரம்பு போட வேண்டி வந்துச்சு. அந்த லாரி போன ரோடு எத்தனையோ ஏரி மேல போட்ட ரோடு.

எனக்கு ஒரு ஆசை இருக்கு. கார்ப்பரேஷன்ல யாராவது படிச்சா தயவுசெஞ்சு கவனிங்க. மெஜஸ்டிக்ல பிளாட்பாரத்துக்குப் பிளாட்பாரம் ஒரு போர்டு வைக்கணும். கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, இங்கிலீஷ் எல்லாத்துலயும். "இது தர்மாம்புதி கெரே. கரை இங்கே இருந்தது. ரொம்பின தண்ணி வழியற கோடி இங்கே இருந்தது. தண்ணி இந்த வழியா அடுத்த ஏரிக்குப் போனது"ன்னு அம்புக்குறி போட்டு. கண்டீரவாவுல ஒண்ணு. மில்லர்ஸ் ரோட்டுல ஒண்ணு. அல்சூர் ஏரி கேட் கிட்ட வேணும்னா ஸ்விண்டன் பேரும் ரெண்டு வரி போடுங்க, அதுக்கு மேல வேண்டாம். மீதி இடத்துல அந்த ஏரிக்குத் தண்ணி எந்தெந்த வாய்க்கால்ல வந்துச்சு, இப்போ அதுல எது அடைஞ்சு கிடக்குன்னு எழுதுங்க.